தொப்பி போடாத பயணி

விஸ்வேஸ்வரன் ஓரிடத்தில் முழுசாக உட்கார்ந்து பார்த்தவர்கள் புனேயின் விஷ்ராந்த்வாடியில் யாரும் இருக்க முடியாது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால்கூட அவனுடைய ஒரு கால் மடங்கியிருக்கும், இன்னொரு கால் வாசலைப் பார்த்துக் கிளம்பத் தயாராக இருக்கும். டீயை நின்றுகொண்டு குடிப்பான். போன் பேசிக்கொண்டே செருப்பை மாட்டுவான், செருப்பை மாட்டிக்கொண்டே கேஸ் மூடியிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். ஆளந்தி ரோட்டில் அவனுக்கு முடி வெட்டுகிறவர் கத்திரியைத் தூக்கிப் பிடித்தபடி, தலை ஒரு நிலைக்கு வரும்வரை காத்திருப்பது அந்தக் கடைக்கே தெரிந்த வேடிக்கை. விஷ்ராந்தி என்றால் மராட்டியில் ஓய்வு. ஊர்ப் பெயரில் இருக்கிறதே, அது போதும் என்று விட்டுவிட்டான் போலிருக்கிறது.

அவனுடைய அப்பா அப்படி இல்லை. கட்கி ராணுவத் தொழிற்சாலையில் சேர்ந்த அன்று எந்த எந்திரத்தின் முன் நின்றாரோ, ஓய்வு பெற்ற அன்றும் அதே எந்திரத்தின் முன்தான் நின்றார். மகனும் அப்படி நிற்பான் என்று நம்பி ஐடிஐ படிக்க வைத்து, போசரியில் ஒரு லேத் பட்டறையில் சேர்த்துவிட்டார். மகன் நின்றால்தானே? தண்ணீர் குடிக்க, காற்று வாங்க, கேட்டில் யார் என்று பார்க்க, இப்படி ஓடிக்கொண்டே இருந்தான். ஒருநாள் போர்மன் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ பேசாமல் பஸ் கண்டக்டராகப் போ" என்றார். அவர் திட்டினார். இவன் அதை யோசனையாக எடுத்துக்கொண்டான். சதாசிவ் பேட்டில் ஒரு டூர் கம்பெனிக்கு, அஷ்டவிநாயகர் யாத்திரை பஸ்ஸில் பெட்டி ஏற்றி இறக்க ஆள் தேவைப்பட்டது. போய்ச் சேர்ந்தான். பெட்டி தூக்கியவன் பந்தி பரிமாறினான், பந்தி பரிமாறியவன் மைக் பிடித்தான், மைக் பிடித்தவன் அந்தமான் டூர் மேனேஜர் ஆனான். ஐம்பதை நெருங்குகிற இந்த வயதிலும் மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அவன் வீட்டில் இருந்ததைவிடப் போர்ட் பிளேரில் இருந்ததுதான் அதிகம்.

புனேக்காரர்களைத் தீவுக்குக் கூட்டிப்போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. பயணத்துக்கு முந்தைய கூட்டத்திலேயே ஆரம்பித்துவிடும். அங்கே காலையில் அவல் போஹா கிடைக்குமா? மதியம் படுக்க நேரம் உண்டா? ஜெயிலை அவசர அவசரமாகக் காட்டிவிட்டு ஓடிவிட மாட்டீர்களே? விஸ்வேஸ்வரன் எல்லாவற்றுக்கும் சுத்தமான மராட்டியில் பதில் சொல்வான். அவர்களுக்கு அவன் 'விஷு சர்'. தமிழன் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள், "அப்படியென்றால் இட்லி நன்றாகச் செய்வீர்களே" என்பார்கள். அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது.

ஆறுக்கு எழுப்பல், ஏழுக்கு நாஷ்டா, எட்டுக்குப் பஸ். இதுதான் கம்பெனியின் வேதம். பஸ் நகரும்போது எல்லோரும் சேர்ந்து "கணபதி பாப்பா மோரயா" என்று ஒரு குரல் கொடுப்பார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு இடமாக இறக்கி, சுற்றிக் காட்டி, ஏற்ற வேண்டும். செல்லுலார் ஜெயில், கோர்பின்ஸ் கோவ், ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரை, நீல் தீவில் இயற்கைப் பாலம், கடைசியில் ராஸ் தீவு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வான். ஆனால் அந்த இடங்களை அவன் பார்த்தானா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு ஆட்களைப் பார்ப்பதுதான் அவன் உத்தியோகம்.

ஆட்களைக்கூட இல்லை, தொப்பிகளை. கம்பெனி ஒவ்வொரு பயணிக்கும் ஒரு கிளிப்பச்சைத் தொப்பி கொடுக்கும். கடற்கரைக் கூட்டத்தில் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தால் ஆகாது. உயரமான இடமாகப் பார்த்து ஏறி நின்று, விரலை நீட்டி, பச்சை பச்சையாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். கணக்கு சரியென்றால் ஒரு விசில், போகலாம் என்று மராட்டியில் "சலா, சலா!" என ஒரு குரல், கிளம்பிவிடலாம். இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூட எங்கும் விட்டுவிட்டு வந்ததில்லை என்பது அவனுடைய பெரிய பெருமை. சதாசிவ் பேட் ஆபீசில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் பாடம் எடுப்பார்கள்.

அவன் மனைவி அகல்யாவோ நேர்மாறு. குடியாத்தத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். போசரியில் ஒரு ரப்பர் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வெளிச்சமான விளக்கின் கீழ் ஸ்டூலில் உட்கார்ந்து, குழாய்களுக்குப் போடுகிற சின்னச் சின்ன வளையங்களை ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்ப்பாள். அலுத்துக்கொண்டதே இல்லை. புருஷன் ஊரெல்லாம் சுற்ற, மகள் தேஜஸ்வினியை வளர்த்து, படிக்க வைத்து, பெங்களூரில் வேலைக்கு அனுப்பியது வரைக்கும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே செய்தாள். வீட்டுக்கு மேலே லோஹேகாவ் விமானங்கள் தாழப் பறக்கும்போதெல்லாம் மொட்டைமாடித் துணியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்ப்பாள். எதில் அவன் இருக்கிறான் என்று அவளுக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

மகளும் கிளம்பிப் போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அகல்யா கேட்டாள்.

"என்னாங்க, அந்தத் தீவுக்கு என்னியும் ஒருதபா இட்டுக்கினு போங்களேன்."

"அதுக்கென்ன, ஜனவரி குரூப்ல ஒரு சீட் காலியா இருக்கு. ஆபீஸ்ல கேட்டா குடுப்பாங்க. எல்லா பாயின்ட்டும் காட்டறேன்."

"பாயின்ட்டெல்லாம் வேணாம். எதுனா ஒரு எடத்துல கடலுக்கு எதிர்ல நம்ம ரெண்டு பேரும் உக்காரணும். நான் போலாம்னு சொல்ற வரிக்கும் நீங்க எழுந்திருக்கக் கூடாது. அவ்ளோதான்."

விஸ்வேஸ்வரன் சிரித்தான். "இவ்வளவுதானா?" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்ச் சொம்பை எடுக்க எழுந்து போனான். அகல்யா சிரிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் தனக்கென்று வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்று அவனுக்கு உறைத்திருந்தால், சொம்பு அங்கேயே இருந்திருக்கும்.

ஜனவரியில் லோஹேகாவ் விமான நிலையத்தில் வழக்கம்போல் தொப்பி விநியோகம் நடந்தது. அகல்யாவிடமும் ஒன்றை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"நான் உங்க டூர்ல வரலீங்க. உங்க கூட வரேன். எனக்கு இன்னாத்துக்குத் தொப்பி?"

அதைக் கேட்டு வரிசையில் நின்ற ஜோக்ளேகர் பாட்டிக்கு ஒன்றும் புரியவில்லையென்றாலும் ஏதோ நல்ல பேச்சு என்று தெரிந்து அகல்யாவின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். அவனும் தொப்பியைப் பைக்குள் திணித்துக்கொண்டான்.

தீவில் இறங்கியதிலிருந்து அவன் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதல் நாள் கோர்பின்ஸ் கோவில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததுதான் தாமதம், யாரோ ஒருவருடைய செருப்பை அலை இழுத்துக்கொண்டு போனது. எழுந்தான். செருப்பு கிடைத்தது, அதற்குள் கிளம்ப நேரமாகிவிட்டது.

ராதாநகர் கடற்கரையில்தான் கொஞ்சம் நம்பிக்கை தெரிந்தது. வெள்ளை மணல், பின்னால் வானத்தை முட்டுகிற மரங்கள், அலை வந்து காலை நனைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சூரியன் இறங்க ஆரம்பித்திருந்தது. விஸ்வேஸ்வரன் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். அகல்யா கடலைப் பார்த்தாள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சும்மாதான் அவனுக்குத் தாங்கவில்லை. தொடை தானாக ஆட ஆரம்பித்தது. கால் ஆட்டுவதை அமுக்கினால் கைவிரல் தாளம் போட்டது. அதையும் அமுக்கினால் கழுத்து திரும்பிக்கொண்டது. தூரத்தில் பச்சைத் தொப்பி ஒன்று தண்ணீருக்குள் கொஞ்சம் அதிகமாகப் போவதுபோல் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்று எழுந்தான்.

அந்த ஆள் முழங்கால் தண்ணீரில்தான் நின்றிருந்தார். ஆனால் எழுந்த கால் திரும்பி வரவில்லை. ஒருவருக்குப் படம் எடுத்துக் கொடுத்தான், ஒருவருக்கு இளநீர் பேரம் பேசினான், சீக்கிரம் இருட்டிவிடுமே என்று பஸ் டிரைவருக்குப் போன் போட்டான். திரும்பிப் பார்த்தபோது சூரியன் போயிருந்தது. அகல்யா சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். நீல் தீவில் அவள் அவனைக் கூப்பிடவே இல்லை. இயற்கைப் பாலத்தின் வழுக்குப் பாறைகளில் மற்ற பெண்களோடு கைகோத்து நடந்தாள். ராஸ் தீவு பாக்கி இருக்கிறது, அங்கே கட்டாயம் உட்கார்ந்துவிடுவது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். போட்டில் ஏறும்போது அவளிடமும் சொன்னான்.

"இன்னிக்கு உட்கார்றோம். ப்ராமிஸ்."

அவள் தலையாட்டினாள். நம்பிய மாதிரியும் இருந்தது, ஒரு பேச்சுக்கு ஆட்டிய மாதிரியும் இருந்தது.

ராஸ் தீவு போர்ட் பிளேரை ஒட்டிய குட்டித் தீவு. வெள்ளைக்காரன் கட்டிய பங்களாக்களின் சுவர்களை மரவேர்கள் பிடித்துக்கொண்டு நிற்கும். மான்கள் பயமில்லாமல் வந்து கையை முகரும். படகுத்துறை ஊரைப் பார்த்த பக்கம். மறுபக்கம் படிகள் இறங்கினால் வேறு எதுவும் இல்லை, கடல் மட்டும்தான். விஸ்வேஸ்வரன் குழுவுக்குப் பாழடைந்த தேவாலயத்தைக் காட்டிவிட்டு, இங்கேயே சுற்றிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு அகல்யாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகத்தான் இருந்தான். அந்த நேரம் பார்த்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. படகோட்டி இஸ்மாயில் கீழே இருந்து குரல் கொடுத்தார். அவர் ராமநாதபுரத்துப் பூர்வீகம், போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்தவர்.

"சார், காத்து கெளம்பிடுச்சு. மழைக்கு முந்தி எடுத்தாத்தான் உண்டு. சீக்கிரம் ஏத்துங்க!"

அவ்வளவுதான். விஸ்வேஸ்வரனுக்குச் சிறகு முளைத்துவிட்டது. சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. விசிலை வாயில் வைத்தான். "சலா, சலா, லவ்கர்!" முழங்கால் வலிக்காரர்களைக் கைத்தாங்கலாக இறக்கினான். ஒருவருடைய குடையைப் பிடுங்கி மடக்கினான். எல்லோருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு மிதவைச் சட்டை, அதற்கு மேலே பச்சைத் தொப்பிகள். துறையின் மேல்படியில் நின்று விரலை நீட்டி எண்ணினான். போட்டில் எண்ணினான், படியில் எண்ணினான், பின்னால் மரத்தடி வரை பார்வையை ஓட்டி எண்ணினான். சரியாக இருந்தது.

"எல்லாரும் ஏறியாச்சா சார்?" என்றார் இஸ்மாயில்.

"ஏறியாச்சு. எடுங்க."

இக்கரையில் இறங்கும்போது மழை வரவில்லை. கறுத்த மேகம் அப்படியே கடலுக்குள் நகர்ந்து போயிருந்தது. துறை வாசலில் எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு, கண்ணாடித் தம்ளர்களை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துக்கொண்டு வந்தான். ஜோக்ளேகர் பாட்டி தம்ளரை வாங்கியவள் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"விஷு சர், வஹினி குட்டே?"

அண்ணி எங்கே என்று கேட்டாள். அவனுக்கு முதலில் கேள்வி புரியவே இல்லை. யாருடைய அண்ணி என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு புரிந்தது. எதற்கும் ஒரு வார்த்தை வைத்திருக்கிற புனேக்காரர்கள் அன்று டீத் தம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. யாராவது திட்டித் தொலைத்திருந்தால் தேவலை என்றிருந்தது.

இஸ்மாயில்தான் பேசினார். "என்ன சார் இது, சொந்தச் சம்சாரத்தையா விட்டுட்டு வந்தீங்க? ஏறுங்க." போட்டில் அவன் ஒருவன் மட்டும். போகிற வழியெல்லாம் நின்றுகொண்டே போனான். அழுதுகொண்டிருப்பாள், துறையிலேயே நிற்பாள், இல்லை பயந்துபோய் எங்கேயாவது ஓடி வழுக்கி விழுந்திருப்பாள் என்று என்னென்னவோ தோன்றியது. இறங்கும்போதே "அகல்யா!" என்று கத்தினான். மயில் ஒன்று பதில் சொன்னது. தேவாலயத்தில் இல்லை. மான்கள் நிற்கிற இடத்தில் இல்லை. மூச்சு வாங்க மேடேறி மறுபக்கம் ஓடினான்.

கீழ்ப் படியில் உட்கார்ந்திருந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, கால்களைத் தண்ணீரில் விட்டிருந்தாள். முதுகு தளர்ந்து, கைகள் மடியில் கிடந்தன. காத்திருக்கிறவள் உட்காருகிற மாதிரி இல்லை. கூப்பிட்ட சத்தம் காதில் விழுந்துதான் இருக்க வேண்டும். ஆனாலும் திரும்பவில்லை.

"அகல்யா! பயந்துட்டேன்மா. போட் போனது தெரியலையா உனக்கு?"

"தெரிஞ்சுது."

"அப்ப கூப்பிட வேண்டியதுதானே? ஒரு சத்தம் போட்டிருக்கலாமே!"

"மரத்தாண்டதான் நின்னுக்கினு இருந்தேன். நீங்க எண்ணிக்கினு வந்தீங்க. உங்க கண்ணு என் மேல பட்டுச்சு. அப்பிடியே தாண்டிப் போய்டுச்சு." அவள் குரலில் கோபமே இல்லை. விளக்கின் கீழே ஒரு வளையத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அதுக்கப்புறம் கூப்பிடணும்னு தோணல."

விஸ்வேஸ்வரன் வாயைத் திறந்தான். தொப்பி, மழை, அவசரம், எல்லாம் நாக்கு வரைக்கும் வந்தன. அவளுக்குப் பக்கத்தில், ஈரப் படியில், பேன்ட் நனைவதைப்பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தான். நிஜமாகவே உட்கார்ந்தான். எழுந்திருக்கக் கூடாது, யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டான். எதிரே கடல் நீலமும் பச்சையுமாக விரிந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் இந்தப் படியில் எத்தனை பேரை இறக்கி ஏற்றியிருப்பான். இங்கிருந்து கடல் இப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது.

அகல்யா கால்களைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"போலாம்."

"இல்லம்மா, இரு. இப்பத்தான் நான் வந்து..."

"எனக்குப் போதும். அந்த ஆள் போட்ட வெச்சிக்கினு நிக்கிறாரு பாவம். சலா."

சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். அவன்தான் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

புனேவுக்குத் திரும்பிய பிறகு சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அகல்யா வழக்கம்போல் டிபன் கட்டினாள், போசரிக்குப் போனாள், வந்தாள், சிரித்துப் பேசினாள். தேஜஸ்வினி போனில், "அப்பா, அம்மாவையே மிஸ் பண்ணிட்டியாமே, டூ மச் நீ" என்று சொல்லிச் சிரித்ததற்கு அகல்யாவும் கூடவே சிரித்தாள். விஸ்வேஸ்வரனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. மகாபலேஷ்வர் போலாமா என்றான். "பாக்கலாம்." கணபதிபுளே கடற்கரை, நாம ரெண்டு பேர் மட்டும், குரூப் கிடையாது என்றான். "பாக்கலாங்க." அந்தப் 'பாக்கலாம்' என்பதற்குள் எந்தப் பக்கமாக நுழைவது என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் இருக்கிற நாட்களில் அவள் டிவி முன்னால் உட்கார்ந்தால் தானும் வந்து உட்கார்வான். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். வேண்டுமென்று இல்லை. நிஜமாகவே குக்கர் விசில் அடித்திருக்கும்.

மழைக்காலம் முடிந்து நவம்பரில் ஒருநாள் அவளாகவே பேச்செடுத்தாள்.

"எங்க கம்பெனில செல்வமேரி, இன்னும் ரெண்டு மூணு பேரு, எல்லாம் சேந்து அந்தமான் போலாம்னு இருக்கோம். நீல் தீவு. அங்க மட்டும்தான்."

விஸ்வேஸ்வரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடைசியில் அவனுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. "குடு, நான் ப்ளான் போட்டுத் தரேன். காலைல சீதாபூர் சூரியோதயம், அப்புறம் பரத்பூர், மத்தியானம் இயற்கைப் பாலம், சாயங்காலம் லக்ஷ்மண்பூர். ஒரே நாள்ல முடிச்சிட்டு அடுத்த நாள் ஹேவ்லாக்குக்கு..."

"வேணாங்க. ரூம் கடல் பக்கமா சொல்லியாச்சு. வெளிய நாற்காலி போட்டு வெப்பாங்களாம்."

"சரி, என்னென்ன இடம் பார்க்கப் போறீங்க?"

"எடமா?" என்று அவள் யோசித்தாள். "உக்காரப் போறோம்."

நானும் வரட்டுமா என்று கேட்க நினைத்தான். அந்த வாரம் அவனுக்குக் குழு எதுவும் இல்லை. வாய் வரைக்கும் வந்தது. அவள் செல்வமேரியிடம் போனில் எந்தச் சேலை என்று பேச ஆரம்பித்துவிட்டாள். முடிக்கட்டும் என்று காத்திருந்தான். பொறுமையாகக் காத்திருந்தான், அதுவே அவனுக்குப் புதுசு. அவள் பேசி முடித்து விளக்கை அணைத்துப் படுத்துக்கொண்டாள்.

கிளம்புகிற அன்று விமான நிலையத்துக்கு அவன்தான் கொண்டுபோய் விட்டான். டிராலி தேடி எடுத்து வந்தான், பெட்டிகளை அடுக்கினான், பெட்டி கனமாக இருக்கிறதா என்று தூக்கித் தூக்கிப் பார்த்தான். அந்தப் பெண்களுக்கு அவனுடைய உதவி எதுவும் தேவைப்படவில்லை. ஒருத்தி சொன்னதற்கு இன்னொருத்தி சிரித்து, பையைத் தோளில் மாற்றிக்கொண்டு, வாசலில் அடையாள அட்டையைக் காட்ட வரிசையாக நின்றார்கள். யார் தலையிலும் தொப்பி இல்லை. அகல்யா, "ஃப்ரிட்ஜுல கொழம்பு இருக்கு, சூடு பண்ணி சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

விஸ்வேஸ்வரன் தள்ளி, தடுப்புக் கம்பி ஓரமாக நின்றான். அவன் நினைக்கவில்லை, விரல் தானாக எழுந்து நீண்டது. முதலில் அகல்யாவை எண்ணினான். அப்புறம்தான் மற்றவர்களை எண்ணினான். முடிந்ததும் மறுபடி அவளிடம் வந்து, அவளை இன்னொரு தடவை எண்ணினான். காவலர் அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவள் உள்ளே போனாள். எல்லோரும் வந்தாச்சா என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.